இந்தியக் கார்த் தொழில்

இந்தியாவில் கார் தயாரிக்கும் தொழில் 1940களில் தொடங்கியது. அதற்கு முன்பு இங்கே ஓடிய கார்கள் முழுதாகக் கப்பலில் வந்து இறங்கியவை, அல்லது பெட்டிகளில் பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டவை. எந்தக் காரை, யார், ஆண்டுக்கு எத்தனை செய்யலாம் என்பதை முதல் நாற்பது ஆண்டுகள் டெல்லிக் கோப்புகள் முடிவு செய்தன. அந்தக் கட்டு தளர்ந்த பிறகும் காரின் நீளம் எவ்வளவு இருக்கலாம் என்பதை வரி விதி சொல்கிறது. அதனால் இந்தத் தொழிலின் வரலாற்றில் இன்ஜினுக்குத் தரும் அதே இடத்தை அரசாணைக்கும் தர வேண்டியிருக்கிறது.

தொடக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பம்பாயில் கார்கள் ஓடத் தொடங்கின. வெள்ளைக்காரக் கம்பெனி அதிகாரிகள், சமஸ்தான மன்னர்கள், ஜமீன்தார்கள், பெரிய வக்கீல்கள் ஆகியோர்தான் வாங்கினார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வெகுகாலம் காருக்குப் பெயர் ‘பிளசர்’. பிழைப்புக்கு ஓடும் பஸ், லாரியிலிருந்து உல்லாசத்துக்கு ஓடும் வண்டியைப் பிரித்துச் சொன்ன ஆங்கிலச் சொல் அப்படியே ஊருக்குள் வந்துவிட்டது. பழைய ஆட்கள் சிலர் இன்றும் ‘பிளசரில் வந்தான்’ என்றுதான் சொல்கிறார்கள்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் கார் பூட்டத் தொடங்கியது. ஃபோர்டும் அதே காலத்தில் வந்துவிட்டது. இரண்டுமே பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்றனவே தவிர, இங்கே உருக்கி வார்த்துச் செய்யும் எண்ணம் அவற்றுக்கு இல்லை. காலனி அரசும் அப்படி ஒரு தொழில் இங்கே வளர வேண்டும் என்று நினைக்கவில்லை.

நினைத்தவர்களில் முதல்வர் மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யா. மைசூர் திவானாக இருந்து ஓய்வுபெற்ற இந்தப் பொறியாளர் 1935இல், எழுபது வயதைத் தாண்டிய நிலையில், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்க் கார்த் தொழிற்சாலைகளைப் பார்த்துவந்து ஒரு திட்டம் தீட்டினார். அந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தவர் சோலாப்பூர்க்காரரான வால்சந்த் ஹிராசந்த். ரயில் பாதைகள் போட்டவர், சிந்தியா கப்பல் கம்பெனியை நடத்தியவர். அமெரிக்கா போய் ஃபோர்டைக் கேட்டார், நடக்கவில்லை. கிரைஸ்லர் ஒப்புக்கொண்டது. ஆனால் போர்க்காலம். இந்தியாவில் கார்த் தொழிற்சாலை போருக்கு அவசியமான தொழில் என்று ஏற்க பிரிட்டிஷ் அரசு மறுத்தது. ராணுவத்துக்கு வண்டிகள் தேவைப்பட்ட நேரத்திலேயே இந்தப் பதில் வந்தது. கார் விஷயமாகப் போன பயணத்தில் விமானத்தில் சந்தித்த ஓர் அமெரிக்கரோடு பேசிய பேச்சிலிருந்து, 1940இல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை உருவானது. இன்றைய எச்.ஏ.எல். அதன் வழிவந்ததுதான். காருக்கு முன்னால் விமானத் தொழிற்சாலை கண்ட நாடு இது. வால்சந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1944இல்தான் பதிவானது. பம்பாய் குர்லா ஆலையிலிருந்து முதல் வண்டிகள் 1947இல் வெளியே வந்தன.

பிர்லா குடும்பம் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1942இல், இந்துஸ்தான் மோட்டார்ஸைத் தொடங்கியிருந்தது. குஜராத்தின் ஓக்கா துறைமுகத்தில் சிறிய பூட்டுப் பட்டறையாக இருந்த அது 1948இல் கல்கத்தாவுக்கு அருகே உத்தரப்பாராவுக்கு இடம் மாறியது. இங்கிலாந்தின் மோரிஸ் கம்பெனியோடு ஒப்பந்தம்.

ஜீப்புக்கு வேறு கதை. பிற்பாடு ஜீப் செய்த கம்பெனி 1945இல் உருக்கு வியாபாரத்துக்காகத் தொடங்கியபோது அதன் பெயர் மகிந்திரா அண்ட் முகமது. பங்குதாரரான குலாம் முகமது பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். இங்கே மிஞ்சியவர்கள் பெயரை மகிந்திரா அண்ட் மகிந்திரா என்று மாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலச் சுருக்கெழுத்து ‘எம் அண்ட் எம்’ என்றே இருந்ததால் அதை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை.

சென்னைக் கார்கள்

சுதந்திரம் கிடைத்த கையோடு சென்னையிலும் இரண்டு கம்பெனிகள் எழுந்தன. பஞ்சாபைச் சேர்ந்த ரகுநந்தன் சரண், நேருவின் தூண்டுதலால், 1948இல் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். மகன் பெயர் அசோக். எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டினார்கள். சீக்கிரமே லேலண்ட் லாரிகள் பக்கம் திரும்பி, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. கார் போய், தமிழ்நாட்டுக்கு பஸ் கிடைத்தது.

மற்றது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். ஆலை வண்டலூர் அருகே பெருங்களத்தூரில். வான்கார்டு, ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10 என்று வந்து, 1961இல் ஹெரால்டில் நிலைத்தது. ஹெரால்டைத் திறந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மற்றக் கார்களில் இன்ஜினை மூடும் தகடு மட்டும்தான் மேலே எழும். இதில் இரு பக்க மட்கார்டோடு, முகப்பு விளக்கோடு, மூக்குப் பகுதி முழுவதும் முன்னால் கவிழும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். ஏழரை மீட்டர் வட்டத்துக்குள் திரும்பிவிடும். அந்த அளவுக்குத் திரும்பும் கார் அக்காலத்தில் இங்கே வேறு இல்லை. பிறகு நான்கு கதவு வைத்து வந்தது. 1972இல் ‘கெசல்’ என்று பெயர் மாறியது. 1977க்குப் பிறகு கார் உற்பத்தி நின்று, வேன் மட்டும் மிஞ்சியது.

1985இல் ஸ்டாண்டர்டு மீண்டும் வந்தது. இங்கிலாந்தின் ரோவர் கம்பெனி கைவிடவிருந்த ஒரு சொகுசுக் காரின் உடலை எடுத்து, அதற்குள் பழைய வான்கார்டு காலத்து இன்ஜினைச் சற்றே மாற்றிப் பொருத்தி, ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று விற்றார்கள். உடலுக்கும் உயிருக்கும் முப்பது ஆண்டு வித்தியாசம். விலையோ எட்டாத உயரம். 1988இல் முடிந்தது. சென்னையில் கார் செய்யும் முதல் முயற்சியும் அதோடு முடிந்தது.

உரிமமும் வரிசையும்

1953இல் சுங்கவரிக் கமிஷன் கொடுத்த அறிக்கைதான் தொழிலின் முதல் பெரிய திருப்பம். படிப்படியாக இங்கேயே பாகங்களைச் செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம், வெறுமனே பூட்டி விற்பவர்கள் போகலாம் என்று அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. இரண்டும் திரும்பி வர நாற்பது ஆண்டுகள் ஆயின. வந்து மறுபடியும் போனது பின்னால் வரும்.

முடிவு தவறு என்று சொல்ல முடியாது. அந்நியச் செலாவணி இல்லாத நாடு, உள்நாட்டில் செய்யக் கற்க வேண்டிய நாடு. ஆனால் அதன் பிறகு நடந்தது வேறு. கார் ஆடம்பரப் பொருள், அதற்கு எஃகும் செலாவணியும் ஒதுக்குவது வீண் என்ற எண்ணம் திட்டக் கமிஷனில் வேரூன்றியது. எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு உரிமம், என்ன விலைக்கு விற்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு. 1959இல் வந்த ஆணைப்படி காரை டீலரிடம் பதிவு செய்து, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வாங்கியவர் இரண்டு ஆண்டுக்குள் விற்கவும் கூடாது. ஏனென்றால், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் ஏறிய மறுநாளே கூடுதல் விலைக்குக் கைமாற்றினால் லாபம் நிச்சயம். பழைய கார் புதுக் காரைவிட விலை அதிகம் என்ற விசித்திரம் இங்கே சாதாரணமாக இருந்தது. விலைக் கட்டுப்பாட்டை எதிர்த்து பிரீமியர் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1970களின் தொடக்கத்தில் காரின் நியாய விலை என்ன என்று நீதிபதிகளே கணக்குப் பார்க்கும்படி ஆயிற்று.

இந்தச் சூழலில் வாழ்ந்த கார் அம்பாசடர். மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டு மூன்றாம் வரிசையின் அச்சுகளை வாங்கி, 1957–58இல் உத்தரப்பாராவில் செய்யத் தொடங்கினார்கள். முதலில் 1,476 சிசி இன்ஜின், சீக்கிரமே 1,489 சிசி. பிறகு மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று பெயர் மாறியபோது பெரும்பாலும் மாறியது முன்புறக் கிரில்லும் டேஷ்போர்டும்தான். ஓட்டியவர்களுக்கு அது ஒரு தனிச் சடங்கு. குளிர்காலக் காலையில் சோக்கை இழுத்துப் பிடித்து ஸ்டார்ட் செய்வது. பேட்டரி இறங்கியிருந்தால் முன்பக்க ஓட்டையில் ‘இசட்’ வடிவக் கம்பியைச் சொருகிச் சுற்றுவது. ஸ்டியரிங் தண்டோடு ஒட்டிய கியரை மேலும் கீழும் தள்ளுவது. முன் இருக்கை ஒரே பெஞ்சு. டிரைவர் கதவோரம் ஒதுங்கிக்கொண்டால் அவர் பக்கத்தில் மூன்று பேர் உட்காரலாம். கல்யாணத்துக்குப் போன அம்பாசடரிலிருந்து எத்தனை பேர் இறங்குவார்கள் என்பது ஊர்ப் பந்தயம். வழியில் நின்றுபோனால், சைக்கிள் கடைக்காரர்கூடக் கைவைத்துப் பார்ப்பார்.

அமைச்சர், கலெக்டர், நீதிபதி என்று எல்லாருக்கும் வெள்ளை அம்பாசடர்தான். சென்னை தி.நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் டி.எம்.எக்ஸ். 4777 என்ற எண்ணோடு நிற்பதும் ஓர் அம்பாசடரே. கல்கத்தாவில் மஞ்சள் டாக்சியாக அதே கார் ஓடியது. அரசு வாங்கிக்கொண்டே இருந்ததால் கம்பெனிக்குப் புதிய காரை யோசிக்கும் கட்டாயம் இல்லை. அம்பாசடரை இந்தியாவின் அடையாளம் என்று கொண்டாடுவோர் உண்டு. உறுதியான கார் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் 1950களின் காரை 1980களிலும் புதுக் கார் என்று விற்க முடிந்ததற்குக் காரணம் அதன் உறுதி இல்லை, எதிரில் யாரும் இல்லாததுதான்.

பம்பாயின் கார் ஃபியட். பிரீமியர் 1951 முதல் இத்தாலியின் ஃபியட்டோடு சேர்ந்து, 1964இல் ஃபியட் 1100 டிலைட்டைக் கொண்டுவந்தது. அதுவே 1970களில் பிரீமியர் பத்மினி ஆயிற்று. சித்தூர் ராணி பத்மினியின் பெயர். அம்பாசடர் பெரிய குடும்பத்துக்கு என்றால், டாக்டரும் வக்கீலும் தாமே ஓட்டிப் போகும் கார் இது. பெயர் மாறிய பிறகும் சனங்கள் ‘ஃபியட்’ என்றே சொன்னார்கள். பம்பாயில் கறுப்பும் மஞ்சளுமாக ஓடிய டாக்சிகளில் கடைசி பத்மினியின் ஆயுள் 2023 அக்டோபரில் முடிந்தது, டாக்சிக்கு விதித்த இருபது ஆண்டு வரம்பால்.

1980 வாக்கில் நாடு முழுவதும் சேர்த்து ஆண்டுக்கு 40,000 கார் அளவில்தான் உற்பத்தி. ஸ்கூட்டருக்கு நிலைமை இன்னும் மோசம். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்து பத்து ஆண்டு காத்திருந்த குடும்பங்கள் உண்டு. கூடுதலாகச் செய்யவும் கம்பெனிக்கு அனுமதி வேண்டும்.

மாருதி

‘மக்கள் கார்’ பேச்சு 1959 முதலே இருந்தது. எல்.கே. ஜா தலைமையில் ஒரு குழு குறைந்த விலைக் காரைப் பரிந்துரைத்தது. குழுக்கள் கூடின, கலைந்தன. 1970இல் இந்திரா காந்தியின் இளைய மகன் சஞ்சய் காந்திக்கு முதல்கட்ட அனுமதி கிடைத்தது. இங்கிலாந்தில் ரோல்ஸ் ராய்ஸில் பயிற்சிக்குப் போய் வந்ததுதான் அவருடைய தகுதி. ஹரியானா அரசு குர்கானில் ஏறத்தாழ 300 ஏக்கர் கொடுத்தது. மாருதி லிமிடெட் என்ற பெயரில் மாதிரிக் கார்கள் வந்தன, விற்கக்கூடிய கார் வரவே இல்லை. நெருக்கடி நிலைக்குப் பிறகு வந்த ஜனதா அரசு விசாரணைக் கமிஷன் வைத்தது. 1978இல் நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது.

1980 ஜூனில் சஞ்சய் விமான விபத்தில் இறந்தார். அக்டோபரில் அரசு அந்தச் செத்த கம்பெனியைக் கையகப்படுத்தியது. 1981இல் மாருதி உத்யோக் என்ற அரசு நிறுவனம் பிறந்தது. ஒரு தாயின் துக்கம் கலந்த முடிவு என்று அப்போது பேசினார்கள், அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் அதை நடத்தக் கொடுத்த ஆள் சரியான ஆள். தஞ்சாவூர் மாவட்டம் கருவேலியில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி, திருச்சி ‘பெல்’ ஆலையை வளர்த்தவர், பிறகு அந்த நிறுவனத்துக்கே தலைவராக இருந்தவர். அவரோடு ஆர்.சி. பார்கவா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. உலகம் முழுக்கக் கூட்டாளி தேடினார்கள். பெரிய கம்பெனிகள் தயங்கின. ஜப்பானிலேயே சின்ன கம்பெனியாக இருந்த சுசுகி, 26 சதவீதப் பங்குப் பணத்தோடு 1982 அக்டோபரில் கையெழுத்திட்டது.

பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். 1983 டிசம்பர் 14 அன்று, சஞ்சயின் பிறந்தநாளில், முதல் மாருதி 800இன் சாவியை இந்திரா காந்தி வாங்குபவர் கையில் கொடுத்தார். விலை ஐம்பதாயிரத்துக்குச் சற்று முன்பின். இன்ஜின் 796 சிசி, மூன்று சிலிண்டர். பெட்டி போன்ற சின்ன உடல், பன்னிரண்டு அங்குலச் சக்கரம். அம்பாசடர் பார்த்த கண்ணுக்கு அது பொம்மை. ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. சாவியைத் திருகியதும் ஸ்டார்ட் ஆனது, ஒரு விரலால் கியர் விழுந்தது, மாதக்கணக்கில் பட்டறைப் பக்கம் போக வேண்டியிருக்கவில்லை.

ஆலைக்குள் நடந்தது இன்னும் பெரியது. தலைவரும் தொழிலாளியும் ஒரே சீருடை, ஒரே கேண்டீன், ஒரே வரிசை. காலையில் உடற்பயிற்சி. அதிகாரிக்குத் தனி அறை இல்லை. தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க முதலில் கூச்சப்பட்ட அதிகாரிகள் இருந்தார்கள். தலைவரே நின்றதால் வழக்கமாயிற்று. அரசு நிறுவனம் என்றால் நஷ்டம் என்று பழகிய நாட்டில் மாருதி லாபம் ஈட்டியது. அதைவிட முக்கியம், ஐந்து ஆண்டுக்குள் பெரும்பாலான பாகங்களை இங்கேயே செய்ய வேண்டும் என்ற நிபந்தனை. கார்புரேட்டர், ஸ்டியரிங், இருக்கை, கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் ஜப்பானியத் துணையோடு ஒரு கம்பெனி குர்கானைச் சுற்றி முளைத்தது. பிற்காலத்தில் வெளிநாட்டுக் கார்க் கம்பெனிகள் வந்தபோது கைகொடுத்தது இந்த அடித்தளம்தான்.

குறையும் உண்டு. இந்துஸ்தானும் பிரீமியரும் முப்பது ஆண்டு கேட்டும் கிடைக்காத இறக்குமதிச் சலுகையும் வரிச் சலுகையும் மாருதிக்கு உடனே கிடைத்தன. அரசே போட்டியாளராக இறங்கியபோது நடுவர் யார் என்று அந்தக் கம்பெனிகள் கேட்டது நியாயமான கேள்வி. 2002இல் நிர்வாகம் சுசுகியிடம் போனது, 2007இல் அரசின் மிச்சப் பங்கும் விற்கப்பட்டது. 2012 ஜூலையில் மானேசர் ஆலையில் மூண்ட கலவரத்தில் மனிதவள அதிகாரி ஒருவர் தீயில் இறந்தார். ஒப்பந்தத் தொழிலாளர்களின் கூலி, தொழிற்சங்க உரிமை ஆகியவற்றில் வளர்ந்திருந்த பகை அதற்குப் பின்னால் இருந்தது. ஒரே கேண்டீன் என்ற பழைய கதை அன்று யாருக்கும் உதவவில்லை. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் உத்தரப்பாரா ஆலையும் மூடியது. அம்பாசடர் என்ற பெயரை 2017இல் பிரான்சின் பெஷோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

திறந்த கதவு

1991இல் பொருளாதாரக் கொள்கை மாறியது. 1993இல் கார் தயாரிக்க உரிமம் தேவையில்லை என்றானது. பெஷோ, டேவூ, ஓப்பல், ஃபோர்டு, மெர்சிடிஸ் என்று வரிசையாக வந்தார்கள். அவர்களில் பலர் தங்கள் நாட்டில் விற்று முடித்த பெரிய காரைக் கொண்டுவந்து, இருபத்தைந்து கோடி நடுத்தர வர்க்கம் வாங்கும் என்று கணக்குப் போட்டார்கள். வாங்கியவர்கள் ஆயிரங்களில். டேவூவின் சியலோ பெரும் விளம்பரத்தோடு வந்து, சில ஆண்டில் கம்பெனியே காணாமல் போனது. கார் வாங்கிய குடும்பங்கள் உதிரிபாகம் தேடிப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தன.

1998 தான் நிஜமான திருப்பம். தென்கொரியாவின் ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முழுக்கச் சொந்தப் பணத்தில் ஆலை கட்டி, செப்டம்பரில் சான்ட்ரோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கூரை உயர்ந்த அந்தச் சின்னக் காரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. தலைப்பாகை கட்டியவர் குனியாமல் ஏறலாம், முட்டி வலிக்காரர் சிரமமில்லாமல் இறங்கலாம் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. அதே ஆண்டு ஜனவரியில் டாடா மோட்டார்ஸ் இண்டிகாவைக் காட்டியது. இந்தியாவிலேயே வடிவமைப்பை நடத்திச் செய்த முதல் பெரிய முயற்சி. அம்பாசடர் அளவுக்கு உள்ளிடம், மாருதிக்குப் பக்கத்தில் விலை, டீசல் செலவு என்று ரத்தன் டாடா சொல்லியிருந்தார். முதலில் வந்த வண்டிகளில் கோளாறு மிகுதி. திருத்தி 2001இல் ‘வி2’ என்று விட்டபோது பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் கால் டாக்சி என்ற தொழிலே இண்டிகாவின் முதுகில்தான் வளர்ந்தது.

ஹூண்டாய்க்கு முன்பே ஃபோர்டு மறைமலைநகரில் இடம் பிடித்திருந்தது. பிறகு ஒரகடத்தில் ரெனோ–நிசானும் டைம்லர் லாரி ஆலையும், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பி.எம்.டபிள்யூ.வும் வந்தன. இவர்கள் சென்னையைத் தேர்ந்தெடுத்ததற்கு துறைமுகமும் அரசுச் சலுகையும் மட்டும் காரணமில்லை. 1911இல் மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய பஸ் தொழிலிலிருந்து கிளைத்த டி.வி.எஸ். கம்பெனிகள், சிம்ப்சன், ரானே, பலூன் செய்யத் தொடங்கி டயருக்கு வந்த எம்.ஆர்.எஃப். என்று பாகம் செய்பவர்கள் ஐம்பது ஆண்டாக இங்கே இருந்தார்கள். சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1990களில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்பத் தொடங்கியது. இரண்டு திராவிடக் கட்சி ஆட்சிகளும் மாறி மாறி வந்தபோது, முந்தைய ஆட்சி கையெழுத்திட்ட ஆலையைப் பிந்தைய ஆட்சி நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஃபோர்டு தங்கவில்லை. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, அடுத்த ஆண்டு மறைமலைநகர் ஆலையைப் பூட்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கு முன்பே, 2017இல், விற்பனையை நிறுத்தியிருந்தது. 1950களில் அரசு அனுப்பிய இரண்டு கம்பெனிகளும் இந்த முறை வாடிக்கையாளர் கிடைக்காமல் தாமாகவே போயின. சிறிய கார் செய்யத் தெரியாதவர்கள் இந்தச் சந்தையில் நிற்க முடியவில்லை.

நானோ

ஸ்கூட்டரில் முன்னால் ஒரு குழந்தை, பின்னால் மனைவி, அவர் மடியில் இன்னொரு குழந்தை என்று மழையில் போகும் குடும்பத்தைப் பார்த்தபோது தோன்றிய எண்ணம் என்று ரத்தன் டாடா சொன்ன கார் நானோ. 2008 ஜனவரி 10 அன்று டெல்லியில் காட்டினார்கள். விலை ஒரு லட்சம் ரூபாய். அந்த விலைக்குள் அடக்க என்னென்ன செய்தார்கள் என்பது ஒரு பாடம். இரண்டு சிலிண்டர், 623 சிசி, இன்ஜின் பின்னால். சக்கரத்துக்கு நான்கு போல்ட்டுக்குப் பதில் மூன்று. ஒரே வைப்பர். வெளிக் கண்ணாடி ஒரு பக்கம் மட்டும். பின் கதவு கிடையாது, சாமான் வைக்கப் பின் இருக்கையை மடக்க வேண்டும். பெட்ரோல் போட முன் பானட்டைத் திறக்க வேண்டும். பங்க்கில் ஒவ்வொரு முறையும் ஊழியர் பின்பக்கம் போய்த் தேடிவிட்டுத் திரும்புவார்.

மேற்கு வங்கத்தின் சிங்கூரில் ஆலை பாதிக்கு மேல் எழுந்தபோது நிலம் இழந்த விவசாயிகளின் போராட்டம் முற்றியது. டாடா குஜராத்தின் சாணந்துக்குப் போனது. 2016இல் உச்ச நீதிமன்றம் சிங்கூர் நிலக் கையகப்படுத்தலே செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் காரின் கதையும் முடிந்துகொண்டிருந்தது. சில வண்டிகள் தீப்பிடித்தன, தாமதத்தில் ஆரவாரம் ஆறியது. ஆனால் உண்மையான அடி வேறு இடத்தில் விழுந்தது. முதன்முதலாகக் கார் வாங்கும் குடும்பத்துக்கு அது வாழ்நாள் சாதனை. ‘உலகிலேயே மலிவான கார்’ என்று ஊரெல்லாம் பேசிய வண்டியை வாசலில் நிறுத்த அவர்கள் விரும்பவில்லை. அதே பணத்தில் பழைய மாருதி வாங்கினார்கள். 2018இல் உற்பத்தி நின்றது. பொறியியலில் நானோ தோற்கவில்லை. வாங்குபவர் மனத்தை டாடா தவறாகப் படித்தது.

பாதுகாப்பு

2014 ஜனவரியில் லண்டனில் உள்ள குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து சின்னக் கார்களை மோதிப் பார்த்தது. மாருதி ஆல்ட்டோ, டாடா நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஹூண்டாய் ஐ10, ஏர்பேக் இல்லாத வோக்ஸ்வேகன் போலோ. ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. இவற்றில் சிலவற்றின் வெளிநாட்டுப் பதிப்புகள் ஏர்பேக்கோடு விற்றன. ‘இந்திய வாடிக்கையாளர் மைலேஜ்தான் கேட்கிறார்’ என்று கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் பதில் அன்று எடுபடவில்லை. 2018இல் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்றது, இந்தியாவில் செய்த கார்களில் அதுவே முதல். டிரைவருக்கான ஏர்பேக் 2019இலும், பக்கத்து இருக்கைக்கானது 2021இலும்தான் கட்டாயமாயின. நாட்டின் சொந்தச் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பாவில் இப்படி ஒரு சோதனை 1990களிலேயே வந்துவிட்டது. இந்தப் பகுதியில் இந்தியக் கார்த் தொழிலையும் அரசையும் பாராட்ட அதிகம் இல்லை.

நாலு மீட்டர்

2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சின்னக் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்னக் கார் என்றால் என்ன என்பதற்கு விளக்கமும் கொடுத்தார்: நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது; பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசி, டீசல் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும். இந்தியாவைச் சின்னக் கார் தயாரிக்கும் மையமாக்குவது நோக்கம். அது ஓரளவு நடந்தது. ஹூண்டாய் ஐ10 போன்றவை சென்னையிலிருந்து உலகமெங்கும் போயின.

எதிர்பாராதது, அந்த வரி இந்தியக் காரின் உருவத்தையே வெட்டிய விதம். டிக்கி வைத்த செடான் கார் இங்கே கௌரவச் சின்னம். ஆனால் டிக்கி வைத்தால் நாலு மீட்டர் தாண்டும். 2008இல் டாடா தன் இண்டிகோவின் பின்பக்கத்தை நறுக்கி உள்ளே கொண்டுவந்தது. 4,160 மில்லிமீட்டர் நீளத்தோடு இருந்த மாருதி டிசையர் 2012இல் 3,995க்குக் குறைந்தது. முன்பாதி லட்சணமாக இருந்து பின்பாதி திடீரென்று நின்றுவிடும் அந்தக் கார்களைப் பார்த்து வெளிநாட்டு வடிவமைப்பாளர்கள் முகம் சுளித்தார்கள். இங்கே லட்சக்கணக்கில் விற்றன. ஏர்போர்ட் டாக்சியில் இரண்டு பெரிய சூட்கேஸ் வைத்தவர்களுக்குத் தெரியும், மூன்றாவது மடியில்தான். எஸ்.யு.வி. மோகம் வந்தபோதும் அளவுகோல் மாறவில்லை. பிரெஸ்ஸா, வென்யூ, நெக்ஸான், சோனட் என்று வெவ்வேறு நாட்டுக் கம்பெனிகள் செய்த கார்களின் நீளம் அத்தனையும் 3,995 மில்லிமீட்டர். பெட்ரோல் இன்ஜின்களிலும் பல 1,197 அல்லது 1,199 சிசி என்று விதிக்குள் சொருகியவையே.

இதற்கிடையே மற்றவை மாறின. 2022இல் இந்தியா ஜப்பானைத் தாண்டி உலகின் மூன்றாவது பெரிய கார்ச் சந்தையானது. 2020 ஏப்ரலில், பி.எஸ். 5ஐத் தாண்டி நேரே பி.எஸ். 6 புகை விதிக்குப் போனதால் பல டீசல் கார்கள் வழக்கொழிந்தன. மின்சாரக் காரில் பெங்களூரின் ரேவா 2001லேயே முன்னோடி. சந்தை வந்தது 2020இல் நெக்ஸான் இ.வி. வந்த பிறகுதான். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் ஆலையைத் திறந்தது.

2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, பெரிய கார்களுக்கு 40 என்று ஆனது. எது சின்னக் கார் என்பதற்கு அந்த அறிவிப்பிலும் அதே அளவுதான்: நீளம் 4,000 மில்லிமீட்டர், பெட்ரோல் 1,200 சிசி, டீசல் 1,500 சிசி.